"யாரிடமும் சொல்ல வேண்டாம்"

அத்தைக்கு அந்த அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டுவிட்டுச் சற்று சாய்ந்திருந்த நேரம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதி) தனியாக இருக்கிறார். மாமா தவறி இரண்டு வருஷம், மகன் சிங்கப்பூரில். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 55 வயதில் எடுத்த இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் பாதிக்கு மேல் இன்னும் பேங்கில் கிடந்தது.

முதலில் பேசியது பதிவு செய்த குரல். உங்கள் பார்சல் ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, விவரத்துக்கு எண் ஒன்றை அழுத்தவும். அழுத்தினார். ஒரு பெண் வந்தாள். மலாயில், ரொம்ப மரியாதையாக, வாய்க்கு வாய் "புவான்" (அம்மா) போட்டுப் பேசினாள். அத்தை பெயரில் சபாவுக்கு அனுப்பிய பார்சலில் வேறு ஆட்களின் ஐ.சி.யும் (அடையாள அட்டை) ஏடிஎம் கார்டுகளும் இருந்தனவாம். நான் எதுவும் அனுப்பவில்லை என்றார் அத்தை. "அப்படியானால் யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், புவான். உடனே போலீஸில் சொல்லிவிடுங்கள். நானே லைனை மாற்றித் தருகிறேன்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் ஆள் யாரையும் மிரட்டவில்லை, காசும் கேட்கவில்லை. உதவி செய்கிறாள், அவ்வளவுதான். மிரட்டல் வந்திருந்தால் அத்தை போனை வைத்திருப்பார். தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர், வாய்க்குப் பஞ்சமில்லை. உதவி செய்யும் ஆளிடம் போனை வைப்பது மரியாதை இல்லையே.

அடுத்து வந்தவர் "சார்ஜன்". பின்னால் வாக்கி டாக்கி சத்தம், யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். அத்தையின் ஐ.சி. எண்ணில் முதல் ஆறு இலக்கத்தை அவரே சொல்லி, மீதியை உறுதிப்படுத்தச் சொன்னார். அத்தை சொன்னார். மூன்றாவதாக ஒரு "டிஎஸ்பி", கடுமையான குரல். பணமோசடி வழக்கு, கைது ஆணை தயார், ஆனால் ஒத்துழைத்தால் பார்க்கலாம். விசாரணை ரகசியமானது. யாரிடமும் சொல்ல வேண்டாம், மகனிடமும்தான். சொன்னால் அவனும் வழக்கில் சேர்க்கப்படுவான். லைனைத் துண்டிக்கக்கூடாது. தண்ணீர் குடிக்கப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நாலரை மணிக்குள் "சரிபார்ப்புக் கணக்கு" ஒன்றுக்கு 8,400 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. அடுத்தது பெரிய தொகை. அதற்குமுன் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. ரொட்டி பாய்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதில் ரொட்டி பொட்டலங்கள், கச்சான், கேக், மேலே தொங்கும் முறுக்குப் பைகள். பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். பதினைந்து வருஷமாக வருகிறவர். தினம் ரொட்டி வாங்கும் தான் வெளியே வராவிட்டால் அக்கம்பக்கம் கேட்கும் என்று பயந்து, போனைக் காதில் வைத்தபடியே அத்தை கேட்டுக்கு வந்தார். வழக்கமான ரொட்டியைக் கை காட்டினார். பாய் ரொட்டியை எடுக்கவில்லை.

"என்னாமா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரு போன்ல?"

அத்தை உதட்டில் விரலை வைத்தார். பாய் கேட்டுக்கு வெளியே நின்றபடி சத்தமாகவே கேட்டார்: "போலீசா? பேங்கா?"

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து.

இந்த வகை ஏய்ப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரை அப்படியே தமிழாக்கி "சமூகப் பொறியியல்" என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. கேட்டால் ஏதோ பல்கலைக்கழகப் பாடம் போலிருக்கிறது. விஷயம் பழையது. பூட்டை உடைக்காமல், வீட்டுக்காரரையே திறக்க வைப்பது. கடவுச்சொல்லை ஊகிக்கக் கணினிக்கு எத்தனையோ வருஷம் ஆகலாம். கேட்டு வாங்க ஐந்து நிமிஷம். அதனால் பாதுகாப்பு மென்பொருள் கெட்டியாக ஆக, திருடன் மென்பொருளை விட்டுவிட்டு ஆள் பக்கம் திரும்புகிறான்.

மலேசியாவில் அத்தைக்கு நடந்த வகைக்கு மக்காவ் மோசடி என்று பெயர். போலீஸ், வருமான வரி வாரியம், நீதிமன்றம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா என்று வேஷம் மாறும், கதை மாறாது. ஏமாந்தவர்களை எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "இதையெல்லாம் படிச்சதில்லையா? இவ்வளவு முட்டாளா?" எனக்கு இந்தக் கேள்வியில்தான் கோபம் வருகிறது. அத்தை பேப்பரில் இதே செய்தியைப் படித்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆண்டியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

1966இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் செய்தது. மருத்துவமனையில் பணியில் இருக்கும் தாதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். முன்பின் தெரியாத "டாக்டர்" ஒருவர், இன்ன நோயாளிக்கு இன்ன மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பார். மருந்துப் பெட்டியிலேயே அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். போனில் சொல்லும் உத்தரவை ஏற்கக்கூடாது என்று மருத்துவமனை விதியும் உண்டு. 22 தாதிகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் நிறுத்தி உண்மையைச் சொன்னார்கள். மாத்திரை வெறும் போலி. இதே நிலைமையைக் கதையாகச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு தாதிகளைக் கேட்டபோது, பெரும்பாலோர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நாம் எல்லோரும் அந்த இரண்டாவது கூட்டம்தான். பேப்பரைப் படித்துவிட்டுச் சிரிக்கும்போது.

அந்த 21 பேரும் மோசமான தாதிகள் இல்லை. டாக்டர் சொன்னால் உடனே செய்வது வேலையில் நல்ல பெயர் வாங்கித் தரும் பழக்கம். அதிகாரிக்குப் பணிவு, கேட்டவருக்கு உதவி, தவறு செய்துவிட்டோமோ என்ற பயம், பேச்சை முறித்துக்கொள்ளக் கூச்சம். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பவைதான் இவை. ஏமாற்றுக்காரன் புதிதாக எதையும் விதைப்பதில்லை, விளைந்து நிற்பதை அறுக்கிறான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கதி உண்டு, அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. தோட்டப்புறத்திலிருந்து வந்த, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தலைமுறைக்கு, அரசாங்கம் பேசும் மொழி மலாய். பதிவிலாகா, போலீஸ் நிலையம், நில அலுவலகம் எல்லாம் மலாயில்தான். அத்தைக்குச் சந்தை மலாய் சரளம்; அலுவலக மலாய் அப்படி இல்லை. அலுவலக மலாயில் ஒருவர் நிறுத்தி நிதானமாகப் பேசும்போது பாதி புரியும், புரியாத பாதி அதிகாரமாக மாறிவிடும். எதிர்க்கேள்வி கேட்க வார்த்தை தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் அவன் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான்.

"என் ஐ.சி. நம்பரே அவனுக்குத் தெரிஞ்சிருக்கே" என்று அத்தை இன்றும் சொல்கிறார். தெரிந்திருப்பதில் அதிசயம் இல்லை. 2017இல் மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4.62 கோடி எண்கள், பெயர், முகவரி, ஐ.சி. விவரங்களோடு வெளியே கசிந்தது அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகையை விட அதிகம். ஒருவரிடமே இரண்டு மூன்று எண்கள் இருப்பதால். அந்தத் தரவு இல்லாவிட்டாலும், மைகார்ட் (ஐ.சி.) எண்ணே நிறையப் பேசும். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்தநாள் வாழ்த்து முகநூலில் கிடக்கிறது. பாதியை அவன் சொன்னால் மீதியை நாம் நிரப்புகிறோம். கிளி ஜோசியத்திலும் இதே வித்தைதான்.

இவை எல்லாம் சேர்ந்தாலும், அத்தை விஷயத்தில் முக்கியமான ஆயுதம் வேறு என்பது என் எண்ணம். "யாரிடமும் சொல்ல வேண்டாம்." அதுவும், லைனைத் துண்டிக்காதே என்பதும். இரண்டரை மணி நேரம் அவரைத் தனியாக வைத்திருக்க அந்தக் கும்பலில் மூன்று பேர் முறை போட்டு வேலை பார்த்தார்கள்.

ஏன் தனிமை இவ்வளவு முக்கியம்? ஸ்டான்லி மில்கிராம் 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை பலருக்குத் தெரியும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவர் சொல்வார். அதிர்ச்சி போலி, ஆனால் பொத்தானை அழுத்துபவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். இதுவரைதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் செய்த இன்னொரு சோதனை அதிகம் பேசப்படுவதில்லை. அதில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் எழுந்து "நாங்கள் செய்ய மாட்டோம்" என்பார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். அதே கோட்டு, அதே அதிகாரக் குரல்.

ரொட்டி பாய் செய்தது அதுதான். அவர் ஒன்றும் சைபர் பாதுகாப்பு படித்தவர் இல்லை. வெளியிலிருந்து பார்த்தார், அவ்வளவே.

நிறுவனங்கள் விழுவதும் இப்படித்தான். 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, ஈலோன் மஸ்க் முதலியோரின் கணக்குகளிலிருந்து பிட்காயின் கேட்டுப் பதிவுகள் வந்தன. சுமார் 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. பின்னால் இருந்தது ஃபுளோரிடாவில் ஒரு 17 வயதுப் பையன். செய்தது என்ன? கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியர்களுக்குப் போன் செய்து, ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் (வீட்டிலிருந்து அலுவலகக் கணினியோடு இணையும் வழி) பிரச்சினையைச் சரி செய்கிறோம் என்றார்கள். அந்த நாட்களில் விபிஎன் பிரச்சினை இல்லாத ஊழியர் யார்? அலுவலகமாக இருந்தால் பக்கத்து மேசையில் "உனக்கும் போன் வந்ததா?" என்று கேட்டிருக்கலாம். வீட்டில் பக்கத்து மேசை இல்லை.

வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளை இன்னும் சுவாரஸ்யம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதுபோல் ஒரு மின்னஞ்சல், அதில் சுயவிவரம், யாரோ திறந்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள் ஒரு வருஷம் பொறுமையாக இருந்து, 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த வங்கியின் டாலர் கணக்கு இருந்த நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். பணம் போய்ச் சேர வேண்டிய மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. யாராவது யாரையாவது கேட்க நினைத்தால் அந்தப் பக்கம் ஆள் இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. அத்தைக்குப் போட்ட அதே தனிமை, நாடுகள் அளவில். கிட்டத்தட்ட 100 கோடி டாலருக்குக் குறி வைத்து 8.1 கோடி டாலரை மணிலா வழியாகக் கொண்டு போனார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது எப்படி என்றால், "ஃபவுண்டேஷன்" என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததைப் பார்த்து, இடையில் இருந்த வங்கியில் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு டாக்காவைக் கேட்டார். இரண்டு வருஷம் கழித்து, 2018 மார்ச்சில், கோலாலம்பூரில் பேங்க் நெகாராவிலும் போலி ஸ்விஃப்ட் செய்திகள் (வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பண உத்தரவு) வழியாகப் பணம் எடுக்க முயற்சி நடந்தது. அது தடுக்கப்பட்டது, நஷ்டம் இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் இருக்கும் என் தோழி ஒருத்தி இதைத் தினசரி வேலையாகவே பார்க்கிறாள். வழக்கமாகச் சரக்கு தரும் நிறுவனத்திடமிருந்து, எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வரும். கடிதத் தலைப்பு, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். கைப்பேசித் திரையில் கண்ணாடி போட்டாலும் வித்தியாசம் தெரியாது. அவள் எழுத்தைத் தேடிக்கொண்டு இருப்பதில்லை. கோப்பில் இருக்கும் பழைய போன் எண்ணுக்கு அடித்து, அங்கே தனக்குத் தெரிந்த ஆளிடம் கேட்பாள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. அங்கே அடித்தால் திருடனேதான் எடுப்பான், "ஆமாம், மாறிவிட்டது" என்பான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏமாற்றுக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். இரண்டாவது ஆள்தான் தடை என்றால், அந்த ஆளையே போலியாகச் செய்துவிட்டால்? ஆரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் நடந்தது அது. 2024இல் வெளியே தெரிந்தது. ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தபோது அந்த ஊழியர் சந்தேகப்பட்டார், சரியாகவே. அப்புறம் வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். திரையில் நிதி இயக்குநர், தெரிந்த சக ஊழியர்கள். எல்லோரும் இருக்கிறார்களே என்று சந்தேகத்தை விட்டார். 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. கூட்டத்தில் அவரைத் தவிர அத்தனை பேரும் கணினி செய்த பொம்மைகள்.

சில சமயம் பொம்மையே தேவையில்லை, சொந்தக்காரர்களே போதும். 2017இல் பினாங்கில் ஜேஜேபிடிஆர் என்று ஒரு முதலீட்டுத் திட்டம் கவிழ்ந்தது நினைவிருக்கும். மாதம் 20 விழுக்காடு லாபம் என்றார்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருந்தும் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்தது, மச்சானுக்கும் வந்தது. கடைசியில் ஹேக்கர்கள் பணத்தைக் கொண்டு போய்விட்டார்கள் என்று காரணம் சொன்னது அந்நிறுவனம். பழி கணினி மேல். ஆகவே கேட்க வேண்டிய ஆள், அந்த விஷயத்தில் காசு போடாத, லாபமும் பார்க்காத ஆளாக இருக்க வேண்டும். ரொட்டி பாய்க்கு அத்தையின் இ.பி.எஃப். பணத்தில் எந்தப் பங்கும் இல்லை.

அரசாங்கம் செய்திருப்பவை பலவும், யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டாவது ஆளை ஏற்பாடு செய்வதுதான். அல்லது நேரத்தை. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, புதிதாக ஒரு கைப்பேசியில் இணையப் பேங்கிங்கைப் பதிவு செய்தால் உடனே பெரிய தொகை அனுப்ப முடியாதபடி சில மணி நேரம் ஆறப்போடுவது. அந்த ஆறும் நேரத்தில் மகன் போன் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரி வரலாம். குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை (ஒரு தடவை மட்டும் செல்லும் உறுதி எண்) கைவிடச் சொன்னதும் அப்போதுதான். அதற்குக் காரணம் இருந்தது. வீடு சுத்தம் செய்யும் சேவை என்ற பெயரில் போலி இணையத்தளங்கள் மலேசியர்களை ஒரு செயலியை இறக்க வைத்து, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அப்படியே திருடனுக்கு அனுப்பியதை 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. குறி வைத்தது எட்டு மலேசிய பேங்குகளின் வாடிக்கையாளர்களை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்சாப்பில் வரும் ஏபிகே கோப்பும் (திறந்தால் செயலியை நிறுவுவது) அதே குடும்பம். நம் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையைத் திறக்காமல் இருப்பார்களா?

2022 அக்டோபரில் தேசிய மோசடி மறுமொழி மையம் வந்தது. எண் 997. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் சேர்ந்து நடத்துவது. பணம் போனதும் உடனே அடித்தால், அது எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போகிறது என்று துரத்தி முடக்கப் பார்ப்பார்கள். துரத்தல் ஏன் கடினம் என்றால் இடையில் கழுதைகள். மலாயில் "அக்காவுன் கெல்டாய்", கழுதைக் கணக்கு என்றே சொல்கிறார்கள். சில நூறு வெள்ளிக்குத் தன் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் வாடகைக்கு விடும் பையன்கள். கோப்பிக் கடையில் கேட்டால் "என் கணக்குல காசே இல்ல, எனக்கென்ன நஷ்டம்" என்பார்கள். இவர்களுக்காகவே 2024இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் வந்துள்ளன. பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணைப் போலீஸின் "செமாக் மியூல்" தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த எண் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். ஆனால் புதுக் கழுதையின் பெயர் அதில் இருக்காது.

அத்தை 997க்கு அடித்தது மறுநாள் காலையில். நாலே முக்காலுக்கே அடித்திருக்கலாம். வெட்கம். பாய் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் இரவு வழக்கம்போல் கூப்பிட்டபோது, சாப்பிட்டேன், தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டார். "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று சொன்னவன் லைனை வைத்த பிறகும் அவன் உத்தரவு பதினைந்து மணி நேரம் நடந்தது. முட்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான் அதை நடத்தியது. அதற்குள் 8,400இல் 7,300 வெள்ளி மூன்று கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. மீதி 1,100 முடக்கப்பட்டிருக்கிறது; எப்போது கைக்கு வரும் என்று தெரியவில்லை.

புகார் கொடுத்த அடுத்த வாரம், விசாரணை அதிகாரி அத்தைக்குப் போன் செய்தார். உண்மையான சார்ஜன். அவர் பேரைச் சொன்னதும் அத்தை கட் செய்தார். அவர் திரும்ப அடித்தார், திரும்பக் கட். மூன்றாவது தடவை அவர் வழக்கு எண்ணைச் சொல்லியும் பலிக்கவில்லை. அத்தை பஸ் பிடித்து நேராகப் போலீஸ் நிலையத்துக்கே போய், முகப்பில் அவர் பெயரைக் கேட்டு, ஆள் வெளியே வந்த பிறகுதான் உட்கார்ந்தாராம். சார்ஜன் சிரித்துவிட்டு, செய்தது சரிதான் என்று சொல்லியிருக்கிறார்.

"குரல் அச்சா அதே மாதிரிதான்டா இருந்துச்சு" என்றார் அத்தை, ரொட்டியில் காயா தடவிக்கொண்டே. "இவருக்குப் பின்னாலயும் வாக்கி டாக்கி கேட்டுச்சு."